கிளொக்சசிலின்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். டொக்டர் எழுதிய அன்டிபயோட்டிக் துண்டோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் நிறைய கிளொக்சசிலினைப் பற்றியவை. விலை குறைந்த, பழைய மருந்து என்பதால் இதை லேசாக நினைக்கிறவர்கள் அதிகம். அந்த நினைப்பு ஆட்களைத் தேவையில்லாத மருந்துகளுக்குக் கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் கவுண்டரில் அவசரத்தில் சொல்ல முடியாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம். உங்களைப் பரிசோதித்த டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதை அவரிடமே கேளுங்கள்.

கிளொக்சசிலின் என்ன மருந்து?

பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அன்டிபயோட்டிக். பக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டுதான் உயிர் வாழும். அந்தச் சுவரை ஒழுங்காகக் கட்ட விடாமல் இந்த மருந்து தடுக்கிறது. சுவர் பலமிழந்ததும் பக்டீரியா வெடித்துச் சாகிறது. நம்முடைய உயிரணுக்களுக்கு அப்படியான சுவர் கிடையாது. பெனிசிலின் வகை மருந்துகளைப் பெரிய அளவில் கொடுத்தாலும் பெரும்பாலானவர்களின் உடம்பு தாங்கிக்கொள்வது அதனால்தான்.

கப்சியூலாக 250, 500 மில்லிகிராமில் வரும். பிள்ளைகளுக்குப் பாணியாகவும், வார்டில் நாளத்தில் ஏற்றும் ஊசியாகவும் கொடுப்பார்கள். ப்ளூகிளொக்சசிலின் என்று துண்டில் இருந்தால் அதுவும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதுதான். வாயால் எடுக்கும்போது உடம்பு அதைக் கொஞ்சம் நன்றாக உறிஞ்சும்.

கப்சியூல் போத்தலைத் திறந்ததும் ஒரு கந்தக மணம் மூக்கில் அடிக்கும். "மருந்து பழுதாப் போச்சோ?" என்று திருப்பிக் கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெனிசிலின் மூலக்கூறுக்குள்ளேயே கந்தகம் இருக்கிறது, மணம் அங்கிருந்துதான் வருகிறது. திகதி சரியாக இருந்து, கப்சியூல் ஈரம் பிடிக்காமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இது பவர் குறைந்த மருந்துதானே? கொஞ்சம் ஸ்ட்ரோங்கானதாகத் தாங்கோவன்.

நான் ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

அன்டிபயோட்டிக்குகளைக் குறுகிய வீச்சு, பரந்த வீச்சு என்று பிரிப்பார்கள். எத்தனை வகைக் கிருமிகளை ஒரு மருந்து கொல்லும் என்பதைப் பற்றிய பேச்சு அது. எவ்வளவு பலமாகக் கொல்லும் என்பது வேறு விடயம். கிளொக்சசிலின் குறுகிய வீச்சு மருந்து. ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமிதான் அதன் முக்கிய இலக்கு. தோலில் கட்டு, சீழ்ப்புண் போன்றவற்றைக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்தக் கிருமி. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைகளில் பலவற்றையும் கிளொக்சசிலின் கொல்லும். அதற்கு அப்பால் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் தன் இலக்கின் மேல் அது செய்யும் வேலைக்கு ஈடு சொல்ல அதிகம் மருந்துகள் இல்லை.

இதற்கு நல்ல சாட்சி வார்டில் இருக்கிறது. இரத்தத்தில் ஸ்டபிலோகொக்கஸ் பரவிய நோயாளிக்கு ஆரம்பத்தில், எந்த வகை என்று தெரியாத நேரத்தில், வான்கோமைசின் என்ற ஊசியைத் தொடங்குவதுண்டு. சாதாரண மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற வகைக்கும் அது வேலை செய்யும். இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் (கிருமியை லாப்பில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவு வந்து, கிருமி கிளொக்சசிலினுக்கு மசியும் வகை என்று தெரிந்தால், டொக்டர்மார் வான்கோமைசினை நிறுத்திவிட்டு கிளொக்சசிலினுக்கு மாற்றுவார்கள். வீட்டுக்காரர் பதறிப்போவார்கள்: "விலையான ஊசியை நிறுத்திப்போட்டு மலிந்ததைப் போடுகினம்." உண்மையில் அந்த நோயாளிக்கு அன்று கிடைத்தது நல்ல செய்தி. அப்படி மசியும் வகைக் கிருமியை வான்கோமைசினை விட வேகமாகவும் முழுமையாகவும் கொல்வது கிளொக்சசிலின். இந்த நோயில் வான்கோமைசினிலேயே விட்டுவைத்தவர்களிடையே இறப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பரந்த வீச்சு மருந்துக்கு இன்னொரு விலையும் உண்டு. குடலில் நமக்கு உதவியாக இருக்கும் பக்டீரியாக்களையும் அது சேர்த்து அடிக்கும். வயிற்றோட்டம் வருவதும், வாயிலும் கீழேயும் பங்கசு வருவதும் அதனால்தான். அடி தாங்கி மிஞ்சும் கிருமிகள் அந்த எதிர்ப்புச் சக்தியைக் கூட இருக்கும் மற்றக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் அன்டிபயோட்டிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்தது. முதலில் எடுக்க வேண்டியவை ஒரு கூட்டம், கவனித்துக் கொடுக்க வேண்டியவை ஒரு கூட்டம், வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொட வேண்டியவை ஒரு கூட்டம். கிளொக்சசிலின் முதலாவதில் இருக்கிறது. ஆட்கள் பெயர் சொல்லிக் கேட்கும் அசித்ரோமைசினும் சிப்ரோபுளொக்சசினும் செபிக்சிமும் இரண்டாவதில். ஸ்ட்ரோங் என்று நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான்.

எந்தெந்த வருத்தத்துக்குக் கொடுக்கிறார்கள்?

வெளியில் அதிகம் பார்ப்பது தோல் வருத்தங்கள். சீழ் பிடித்த புண், பிள்ளைகளின் மூக்கடியிலும் வாயோரத்திலும் வரும் தேன் நிறப் பொருக்குக் கட்டிய புண், கால் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கும் செலுலைட்டிஸ். பால் கொடுக்கும் தாய்மாருக்கு மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடித்தால் அதற்கும் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்; பால் வெளியேறினால்தான் வீக்கம் வற்றும்.

வார்டில் இதே மருந்து எலும்பில் கிருமி, மூட்டில் சீழ், இரத்தத்தில் கிருமி, இதய வால்வில் கிருமி என்று பெரிய வருத்தங்களுக்குப் போகும். இதய வால்வு வருத்தத்துக்கு ஒரு நாளைக்கு 12 கிராம் வரை நாளத்தில் ஏற்றுவார்கள், அதுவும் 4 முதல் 6 கிழமைகளுக்கு. பவர் குறைந்த மருந்தென்றால் அந்த இடத்தில் நிற்க முடியாது.

எதற்குச் சரிவராது?

தடிமன், வைரஸ் காய்ச்சல், டெங்கு எதற்கும் ஆகாது. மழை பெய்து ஓய்ந்த கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டில் கிடந்த அன்டிபயோட்டிக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அந்த நாட்கள்தான் வீணாகும். சிறுநீர்க் கிருமிக்கும் டைபொயிட்டுக்கும் கிளொக்சசிலின் வேலை செய்யாது, அந்தக் கிருமிகள் அதன் வீச்சுக்குள்ளேயே இல்லை. எலிக்காய்ச்சலுக்குப் பெனிசிலின் ஊசி, டொக்சிசைக்கிளின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொண்டை நோவுக்கு இது கொஞ்சம் உதவினாலும் பழைய பெனிசிலின் குளிசைதான் சரியான தெரிவு.

நாய், பூனைக் கடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடிபட்ட இடத்துக்குக் கிளொக்சசிலின் கேட்டு வருகிறார்கள். மிருகங்களின் வாயில் இருக்கும் சில கிருமிகளை இது பிடிக்காது. அதற்கு வழமையாகக் கொடுப்பது கோ-அமொக்சிகிளாவ். அதைவிட முக்கியம் விசர்நாய்க்கடி ஊசி. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைக்குப் பிறகு வரலாம்.

பெனிசிலின் இருக்கும்போது இதை எதற்குக் கண்டுபிடித்தார்கள்?

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1940களில் அது மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தபோது ஸ்டபிலோகொக்கஸ் நன்றாகவே மசிந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே ஆஸ்பத்திரிகளில் இருந்த ஸ்டபிலோகொக்கஸ்களில் பெரும்பகுதி பெனிசிலினை வெட்டிப்போடும் ஒரு நொதியைச் சுரக்கத் தொடங்கிவிட்டது. 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் பீச்சம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பெனிசிலினின் நடுக்கருவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் பக்கத்தில் விரும்பிய கிளையை ஒட்டிப் புதிய பெனிசிலின்களைச் செய்ய அதன்பின் வழி பிறந்தது. முதலில் மெதிசிலின் வந்தது, கொஞ்சக் காலத்தில் கிளொக்சசிலின் வந்தது. இவற்றில் ஒட்டிய கிளை பருமனானது. அந்த நொதியால் கிட்ட வந்து வெட்ட முடியாது.

மெதிசிலின் புழக்கத்துக்கு வந்து இரண்டு வருடம்கூடச் சரியாக ஆகவில்லை, 1961இலேயே அதற்கு மசியாத ஸ்டபிலோகொக்கஸ் இங்கிலாந்தில் பதிவானது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது அதுதான். அது நொதியை நம்பவில்லை. மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிவிட்டது. அதனால் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குக் கிளொக்சசிலினை எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் பலன் இல்லை. இலங்கையிலும் அது இருக்கிறது. புண்ணில் இருந்து சீழ் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புங்கள் என்று டொக்டர் சொன்னால், லாப்புக்குப் போகச் சலிப்படைய வேண்டாம். எந்த வகை என்று சொல்லக்கூடிய வழி அதுதான்.

ஏன் 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால்? மூன்று வேளை சாப்பாட்டோடு போட்டால் என்ன?

இரண்டு காரணம். கிளொக்சசிலின் உடம்பில் நிற்பது கொஞ்ச நேரம்தான்; அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். இந்தக் குடும்பத்து மருந்துகள், ஒரே தரத்தில் எவ்வளவு உயரம் ஏறின என்பதைவிட, தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நின்றன என்பதை வைத்தே கிருமியைக் கொல்கின்றன. ஒரு வேளையைத் தவறவிட்டு அடுத்த தரம் இரண்டாகப் போட்டால் இழந்த நேரம் திரும்பி வராது, வயிறுதான் புரட்டும்.

மற்றது, சாப்பாடு இருந்தால் உறிஞ்சுவது குறையும். சாப்பிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன், அல்லது சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் பின்.

நான் ஆட்களுக்கு எழுதிக் கொடுக்கும் நேரம் இது. எழும்பியதும் காலை 6 மணிக்கு ஒன்று. 7 மணிக்குப் பாணோ இடியப்பமோ சாப்பிடலாம். பகல் 12க்கு ஒன்று; சோற்றுப் பார்சலை 1 மணிக்குப் பிரிக்கலாம். பின்னேரம் 6க்கு ஒன்று. வேலையால் வருகிறவர்களுக்கு இதுதான் சிக்கல், பஸ்ஸில் நிற்கும் நேரம். பையில் ஒரு கப்சியூலும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் முடிந்தது. 8 மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்தால் படுக்கும் முன் 11 மணிக்குக் கடைசி. அலாரம் வைத்து நடுச்சாமத்தில் எழும்பச் சொல்லி நான் யாரையும் வதைப்பதில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் முழுதாகக் குடியுங்கள், போட்ட கையோடு படுக்க வேண்டாம். கப்சியூல் தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும்.

வெறும் வயிற்றில் போட்டால் சத்தி வருகிறது என்றால் மருந்தை நிறுத்திவிடாமல் சொல்லுங்கள். ஒரு கிரீம் கிரக்கரோடு எடுப்பது, எடுக்காமலே விடுவதை விட எவ்வளவோ மேல்.

நோன்பு காலத்தில் நான்கு வேளை எப்படி எடுப்பது?

இதை டொக்டரிடம் துண்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். செபட்ரொக்சில் போல ஒரு நாளைக்கு இரண்டு தரம் போதுமான, தோல் வருத்தத்துக்குப் பொருந்தும் மருந்துகள் இருக்கின்றன. சஹரிலும் நோன்பு திறந்த பிறகும் எடுக்கலாம். காய்ச்சலோடு கால் வீங்கிக் கிடக்கும் அளவு வருத்தம் என்றால் நோயாளிக்குச் சலுகை உண்டு, மௌலவியிடம் கேளுங்கள். நான்கு வேளையை இரண்டாகச் சுருக்கிக் கிளொக்சசிலினை இரட்டையாகப் போடுவது மட்டும் வேண்டாம்.

அமொக்சிசிலினும் கிளொக்சசிலினும் சேர்த்து எழுதியிருக்கிறார். இரண்டும் வேண்டுமா?

இந்தச் சோடி நம் ஊரில் வெகுகாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரணத் தோல் வருத்தத்துக்குக் கிளொக்சசிலின் தனியாகவே போதும், ஏனென்றால் அங்கே எதிர்பார்க்கும் இரண்டு கிருமிகளும் அதன் வீச்சுக்குள் இருக்கின்றன. அமொக்சிசிலின் சேர்ந்தால் வீச்சு அகலும், வயிற்றோட்டத்துக்கு வாய்ப்பும் கூடும். ஆனால் டொக்டர் உங்களில் வேறு ஏதாவது கண்டிருக்கலாம். நீங்களாக ஒன்றைக் குறைக்காமல், "டொக்டர், இரண்டும் தேவையா?" என்று கேட்டுவிடுங்கள். கடையில் இருந்து நானே தொலைபேசி எடுத்துக் கேட்பதும் உண்டு. நல்ல டொக்டர்மார் அதற்குக் கோபிப்பதில்லை.

எத்தனை நாள் எடுக்க வேண்டும்? சுகமானதும் நிறுத்தலாமா?

சாதாரணத் தோல் வருத்தத்துக்கு 5 முதல் 7 நாள். முன்பு எதற்கும் 10 நாள், 14 நாள் என்று எழுதிய காலம் இருந்தது. இப்போது தேவையான ஆகக்குறைந்த நாட்களையே பார்க்கிறார்கள். துண்டில் எழுதிய நாள் வரை எடுங்கள். பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் டொக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

செலுலைட்டிஸில் ஆட்களைப் பயப்படுத்தும் ஒன்று, மருந்து தொடங்கிய முதல் நாளில் சிவப்பு கொஞ்சம் பரவுவது. அதைக் கண்டு உடனே மருந்து மாற்றக் கேட்கிறார்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனையால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டு நாள் கழித்தும் கோட்டைத் தாண்டிக்கொண்டே போகிறது, காய்ச்சல் விடவில்லை என்றால் திரும்பக் காட்டுங்கள். சிவப்பு முழுதாக வடிய மருந்து முடிந்த பிறகும் சில நாள் எடுக்கும். காலை உயர்த்தி வைத்திருப்பதும் நன்றாக உதவும். அதைப் பலர் செய்வதில்லை.

கட்டு பழுத்துவிட்டது. கிளொக்சசிலின் போட்டால் கரையுமா?

கரையாது. சீழ் தேங்கிய இடத்துக்குள் மருந்து போய்ச் சேர்வது குறைவு. கீறிச் சீழை எடுப்பதுதான் மருந்து. சின்னக் கட்டாக இருந்தால் அதன்பின் அன்டிபயோட்டிக்கே தேவைப்படாமலும் போகும். வீட்டில் பிதுக்க வேண்டாம், முக்கியமாக மூக்கிலும் மேலுதட்டிலும்.

எனக்குச் சீனி வருத்தம். காலில் ஒரு சின்னப் புண். மருந்து தருவீர்களா?

தரமாட்டேன், டொக்டரிடம் அனுப்புவேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சீனி வருத்தக்காரரின் காலில் நோ தெரியாமல் போயிருக்கும், இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். மேலே ஒரு நாணயம் அளவு தெரிகிற புண் உள்ளே எலும்பு வரை போயிருக்கலாம். புதிதாக வந்த மேலோட்டமான புண்ணில் பெரும்பாலும் ஸ்டபிலோகொக்கஸும் ஸ்ட்ரெப்டோகொக்கஸும்தான், அதற்குக் கிளொக்சசிலின் பொருத்தம். நாட்பட்ட, மணம் வீசுகிற புண்ணில் பலவகைக் கிருமி கலந்திருக்கும். அங்கே இது மட்டும் போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெலியொய்டோசிஸ் என்று ஒரு நோய் இலங்கையில் இருக்கிறது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வருவது. சீனி வருத்தக்காரரைத்தான் அதிகம் பிடிக்கும். தோலிலோ ஈரலிலோ சீழ்க்கட்டி, விடாத காய்ச்சல், நெஞ்சுச் சளி என்று பல வேஷத்தில் வரும். கிளொக்சசிலின் அதைத் தொடவே செய்யாது. செப்டசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியில் தொடங்கி, பிறகு மாதக்கணக்கில் குளிசை எடுக்க வேண்டும். வயலில், தோட்டத்தில், வெள்ளத் தண்ணீரில் நின்றவர் என்றால் டொக்டர் கேட்காவிட்டாலும் அதை அவரிடம் சொல்லுங்கள்.

பெனிசிலின் அலர்ஜி என்று சின்ன வயதில் சொன்னார்கள். இதை எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம், முதலில் சொல்லுங்கள். கிளொக்சசிலின், அமொக்சிசிலின், கோ-அமொக்சிகிளாவ் எல்லாம் ஒரே குடும்பம். போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு முட்டினால் அது ஆபத்தான அலர்ஜி. உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஆனால் அலர்ஜி என்று சொல்லிக்கொள்பவர்களை முறையாகப் பரிசோதித்துப் பார்த்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் மேல் பெனிசிலினை எந்தச் சிக்கலும் இல்லாமல் எடுக்கக்கூடியவர்களாக இருக்கிறார்கள். குழந்தையில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பு, வெறும் வயிற்றோட்டம், அம்மாவுக்கு இருந்த அலர்ஜி என்று பல கதைகள் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பெயர் இருக்கும் வரை நல்ல, மலிவான மருந்துகள் எல்லாம் உங்களுக்கு மூடப்பட்டுவிடும். அதனால் என்ன மருந்து, எத்தனை வயதில், போட்டு எவ்வளவு நேரத்தில், என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்து டொக்டரிடம் காட்டுங்கள். பரிசோதிப்பதா இல்லையா என்பதை அவர் முடிவு செய்வார். வீட்டில் ஒரு கப்சியூல் போட்டுப் பார்ப்பது மட்டும் கூடாது.

பிள்ளை பாணியைத் துப்பிவிடுகிறது.

துப்பத்தான் செய்யும், கசப்பு அப்படி. கொதித்து ஆறிய தண்ணீரை போத்தலில் குறித்த அளவுக்கு விட்டுக் கரைத்து, ஒவ்வொரு தரமும் நன்றாகக் குலுக்கிக் கொடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உள்ளே போகும். தேக்கரண்டி அளவை நம்ப வேண்டாம், வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று வேறு. கரைத்த பாணியைப் பிரிட்ஜில் வைத்து, லேபிளில் சொன்ன நாளோடு கொட்டிவிடுங்கள். தங்கச்சிக்கு அடுத்த மாதம் உதவும் என்று வைத்திருக்க வேண்டாம். அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது.

பக்க விளைவு என்ன?

வயிற்றுப் புரட்டல், இளக்கமாகப் போவது. அதிகமானவர்களுக்கு அவ்வளவுதான். தண்ணீராக, இரத்தத்தோடு போனால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ப்ளூகிளொக்சசிலின் எடுத்தவர்களில் மிகச் சிலருக்கு ஈரல் பாதித்துக் கண் மஞ்சளாகும். வயதானவர்களிலும் இரண்டு கிழமைக்கு மேல் எடுப்பவர்களிலும் இது கொஞ்சம் கூட. மருந்தை நிறுத்தி இரண்டு மாதம் கழித்தும் வரலாம் என்பதால் ஆட்கள் இரண்டையும் தொடர்புபடுத்துவதில்லை. மஞ்சள்காமாலை என்று காட்டப் போனால், கடந்த மாதங்களில் எடுத்த அன்டிபயோட்டிக்கையும் சொல்லுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) பார்க்க வேண்டும், அது இறங்கலாம். மெதோட்ரெக்சேட் எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டொக்டர் சொன்னால் எடுக்கலாம். பெனிசிலின் வகைகள் நெடுங்காலமாகப் பாவனையில் இருப்பவை.

துண்டு இல்லாமல் ஒரு அட்டை தாங்கோவன்.

சட்டப்படி அன்டிபயோட்டிக் துண்டுக்குத்தான் கொடுக்கலாம். மறுத்தால் ஆட்கள் கோபித்துக்கொண்டு போகிறார்கள், சிலர் அடுத்த கடையில் வாங்கியும் விடுகிறார்கள். எனக்குக் கவலை, அவர்கள் வாங்குவது நான்கு கப்சியூல், இரண்டு நாளுக்குக்கூடப் போதாதது. காசுதான் பிரச்சினை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். களுபோவில, தேசிய வைத்தியசாலை, பிள்ளைகளுக்கு லேடி ரிட்ஜ்வே. வரிசை நீளம்தான், ஆனால் காலையிலேயே போனால் பகலுக்குள் வரலாம். துண்டு கையில் இருந்தால் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவிலும் விலை தாங்கும்.

டொக்டர் டிஸ்பென்சரியில் கடதாசி உறையில் போட்டுத் தந்தார். மருந்தின் பெயரே இல்லையே?

கொழும்பில் தனியார் டொக்டர்மார் பலர் மருந்தைத் தாங்களே கொடுப்பதால் இது வழமை. உறையில் 1-1-1-1 என்றோ வேளைக் குறியோ மட்டும் இருக்கும். சுகமானால் யாரும் அந்த உறையை நினைப்பதில்லை. சுகமாகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் அங்கே டொக்டர் கேட்பார்: என்ன அன்டிபயோட்டிக் எடுத்தீர்கள்? "பச்சையும் கறுப்பும் கலந்த ஒன்று" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரே நிறத்தில் பத்து மருந்து வரும். என்ன எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் கல்ச்சரை எப்படிப் பார்ப்பது, அடுத்து எதைத் தொடங்குவது என்பதெல்லாம் ஊகமாகிவிடும். பாதுகாப்புக்காகப் பரந்த வீச்சு ஊசியில் தொடங்க வேண்டி வரும்.

"டொக்டர், பெயரை உறையில் எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள். அவர் எழுத மறந்தாலும், மருந்தைக் கொடுக்கும் பிள்ளையிடம் கேட்டு நீங்களே எழுதலாம். பெயர், மில்லிகிராம், தொடங்கிய திகதி மூன்றும் போதும். தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், உறை கிழிந்தாலும் அது இருக்கும்.